நோய் பிடித்த கொசு கூடுதலாகக் கடிக்குமா, அண்ணாச்சி?

கேள்வி: 2023 அக்டோபர் 9

அண்ணாச்சி, கடையநல்லூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேருக்கு டெங்கு. திங்கள் அப்பா, புதன் நான், வெள்ளி தங்கச்சி. கிருமி உள்ளே போனதும் கொசுவுக்கு ஒரு வெறி பிடித்துவிடும், ஆள் மாற்றி ஆள் கடிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நிஜமா? கிருமிதான் கொசுவை ஓட்டுகிறதா?

அக்டோபர் 9, இரவு

ஓட்டுகிறது. யானையைப் பாகன் ஓட்டுகிற மாதிரி.

இதற்குப் பழைய சாட்சி பிளேக் நோயின் தெள்ளுப்பூச்சி. நம் ஊரில் நாய் மேல் இருக்கிற எல்லாவற்றையும் உண்ணி என்று சொல்லிவிடுவார்கள். உண்ணி வேறு, தெள்ளு வேறு. துள்ளுவது தெள்ளு. 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து எலிக்குப் பிளேக்கைக் கொண்டுபோவது தெள்ளுதான் என்று காட்டினார். எப்படிக் கொண்டுபோகிறது என்பது 1914இல்தான் தெரிந்தது. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பேக்கட், மார்ட்டின் என்ற இருவர் தெள்ளின் வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்கு முன்னால் இருக்கிற சின்ன வால்வில் பிளேக் கிருமி கட்டி தட்டி, தக்கை வைத்த மாதிரி அடைத்திருந்தது.

அடைத்தால் என்ன ஆகும்? குடித்த ரத்தம் வயிற்றுக்குப் போகாது. பசி அடங்காது. திரும்பத் திரும்பக் கடிக்கும். உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் முட்டி, கிருமியோடு சேர்ந்து கடித்த இடத்துக்கே திரும்பி வரும். சில நாளில் தெள்ளு பட்டினியாகச் செத்துப்போகும். அதற்குள் எத்தனையோ கடி கடித்துவிட்டிருக்கும்.

அக்டோபர் 10, காலை

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கேட்டது கொசு, நான் சொன்னது தெள்ளு. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவனுக்குக் கேள்விக்குப் பதில் எழுத வரவில்லை. பையன்கள் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். டெங்குக் காய்ச்சல் உள்ளவரைக் கடித்த கொசுவால் மறுநாளே நோயைக் கொடுக்க முடியாது. வைரஸ் அதன் குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். அந்தக் கொசு கடித்த பிறகு மனிதனுக்குக் காய்ச்சல் தெரிய இன்னும் நான்கிலிருந்து பத்து நாள். எனவே திங்கள்கிழமை படுத்த அப்பாவிடமிருந்து வெள்ளிக்கிழமைக்குள் தங்கச்சிக்கு வந்திருக்க வழியே இல்லை. மூன்று பேரையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒருவேளை ஒரே கொசுவே கடித்திருக்க வேண்டும்.

அதற்கு வெறி தேவையில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இது பிறவிக் குணம். பகலில் கடிக்கும், நாம் காலை அசைத்தால் பறந்துவிடும், அடுத்த ஆளிடம் போய் மிச்சத்தைக் குடிக்கும். பந்தியில் இலைக்கு இலை மாறி உட்காரும் ஆள் மாதிரி. நோய் இல்லாத ஏடிஸும் அப்படித்தான்.

ஆகவே "ஓட்டுகிறது" என்று நான் சொன்னது உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவசரம். பாகனை இறக்கிவிடுகிறேன், தற்காலிகமாக.

அக்டோபர் 10, மாலை

வீட்டம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "காய்ச்சல் வந்தா நீங்களுந்தான் ரெண்டு மடங்கு கத்துதிய. அதுக்கும் கிருமிதான் காரணமா?" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. பின்னால் வருகிறேன்.

அக்டோபர் 13

மலேரியாவில் சாட்சி வலுவாக இருக்கிறது. 1998இல் கோயெல்லா என்பவரும் கூட்டாளிகளும் தான்சானியாவில் அனாபிலிஸ் கொசுக்களைப் பிடித்து, வயிற்றில் எத்தனை பேரின் ரத்தம் இருக்கிறது என்று பார்த்தார்கள். எச்சிலில் மலேரியாக் கிருமி இல்லாத கொசுக்களில் நூற்றுக்குப் பத்துதான் ஒரே இரவில் இரண்டு பேரையாவது கடித்திருந்தன. கிருமி உள்ளவற்றில் 22.

காரணமும் ஓரளவு தெரியும். நம் தோலில் ஊசி குத்தினால் ரத்தம் உறைய ஆரம்பிக்கும். அதைத் தடுக்கக் கொசு தன் எச்சிலில் ஒரு நொதியை வைத்திருக்கிறது. மலேரியா கிருமி எச்சில் சுரப்பியில் குடியேறிய பிறகு அந்த நொதி குறைந்துவிடுகிறது என்று 1980களில் கோழி மலேரியாவை வைத்துக் காட்டினார்கள். கொசு துழாவித் துழாவிக் குத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் கிருமி இறங்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. கிருமி இன்னும் முதிராமல் குடல் சுவரில் முடிச்சாக உட்கார்ந்திருக்கும் நாட்களில் கொசு நேர்மாறாக நடக்கிறது. தடுத்தால் விட்டுவிடுகிறது, விடாப்பிடி இல்லை. கிருமியின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான கணக்கு. கடிக்கப் போனால் அடி வாங்கிச் சாகலாம், அனுப்ப சரக்கு இன்னும் தயாராகவில்லை, எதற்கு ஆபத்து? சரக்கு தயாரானதும் கடி கூடுகிறது.

பாகன் மறுபடி ஏறிவிட்டான் போலிருக்கிறது.

அக்டோபர் 14

டெங்குவில் சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 1995இல் சோதித்தவர்கள் கடிக்கும் நேரத்தில் மாற்றமே இல்லை என்றார்கள். 1997இல் இன்னொரு குழு, வேறு டெங்கு வகையை வைத்து, நோயுள்ள கொசு குடித்து முடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது என்றது. கூடுதல் நேரம் என்றால் கை அசைப்பதற்கும், பாதியில் எழுந்து ஓடுவதற்கும் கூடுதல் வாய்ப்பு. 2022இல் வந்த ஆய்வு, நோயுள்ள கொசு கூடுதலாகத் துழாவிக் கூடுதலாகக் கடிக்கிறது என்கிற பக்கம் சாய்கிறது.

அதே 2022இல் இன்னொரு சேதி. டெங்கு கொசுவை மட்டுமல்ல, நம்மையும் மாற்றுகிறது. நோய் கண்ட எலிகளின் தோலில் ஒருவகைப் பாக்டீரியா பெருகி, அசிட்டோபீனோன் என்ற வாசனைப் பொருளைக் கூடுதலாக விடுகிறது. கொசுக்கள் அந்த எலிகளைத் தேடி வருகின்றன. டெங்கு நோயாளிகளின் தோலிலும் அந்த வாசனை கூடியிருந்தது. பருவுக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ வகை மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது வாசனை குறைந்தது, கொசுவும் குறைந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் பரு மாத்திரை வாங்கப் போய்விடாதீர்கள். எலிக்குச் சொன்னது.)

2012இல் நம் மாவட்டத்தையே டெங்கு ஆட்டிவைத்ததே, அப்போது நானும் படுத்தேன். கண்ணுக்குப் பின்னால் ஆணி அடித்த மாதிரி வலி. கொசுவலைக்குள் படுக்கச் சொன்னார்கள். காய்ச்சல்தான் வந்துவிட்டதே, இனிக் கொசு கடித்தால் என்ன என்று வலையைத் தூக்கிப் போட்டேன். வலை எனக்காக இல்லை, என்னைக் கடித்துவிட்டு அடுத்தவரிடம் போகும் கொசுவுக்காக என்பது வாத்தியார் மண்டையில் அன்று ஏறவில்லை. வீட்டம்மாவுக்குப் பதினெட்டாம் நாள் காய்ச்சல். மேலே எழுதிய கணக்கைப் போட்டுப் பாருங்கள், எட்டு முதல் பன்னிரண்டு, அப்புறம் நான்கு முதல் பத்து. சரியாக உட்காருகிறது. அவளிடம் இந்தக் கணக்கை இதுவரை சொல்லவில்லை.

அக்டோபர் 22

கொசுவை விடுங்கள், என் வெண்டைக்குப் போவோம்.

ஓய்வு பெற்ற பிறகு சேரன்மகாதேவிப் பக்கம் முப்பது சென்டில் வெண்டை போட்டேன். நாற்பதாவது நாள் அங்கங்கே இலை நரம்பு மஞ்சளாகி, வலை பின்னியது போல் ஆகி, காயெல்லாம் வெளுத்து வந்தது. மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். புத்தகப்படி நோய்ச் செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். பிடுங்கினேன், நாற்பது செடி. காலை பதினொரு மணிக்கு, கையில் கட்டாகப் பிடித்துக்கொண்டு, வரிசைக்கு நடுவே இழுத்து நடந்து, வரப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒவ்வொரு செடியிலிருந்தும் வெள்ளைத் தூள் பறந்தது. அழகாக இருந்தது என்றுகூட நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் நடந்துபோன வரிசையின் இரண்டு பக்கமும் மஞ்சள்.

பக்கத்து வயல் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "விடியுமுன்ன பிடுங்கணும்வே. அந்தக் குளிர்ல ஈ அசையாது. நீரு உச்சி வெயில்ல போயி எல்லா ஈயையும் எழுப்பி விட்டுட்டீரே" என்றார். "சாக்குல போட்டுக் கட்டியாவது கொண்டுபோவாண்டாமா?"

அக்டோபர் 23

ஒரு திருத்தம். நோய் தொற்றி நரம்பு மஞ்சளாகத் தெரியவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே அந்த வரிசைச் செடிகளில் பல, நான் நடக்கும் முன்பே வைரஸை வாங்கியிருந்திருக்கலாம். என் நடை மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்பம் அடுத்த தடவையும் பதினோரு மணிக்கே பிடுங்குமே" என்றார்.

நவம்பர் 5

ஏன் வெண்டைக்குப் போனேன் என்றால், செடி நோய்களில் இந்த விஷயம் கொசுவைவிடத் தெளிவாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. செடி கையை அசைக்காது, ஓடாது, புகார் சொல்லாது.

2012இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை. கோதுமையைத் தாக்கும் மஞ்சள் குட்டை வைரஸ், அதைப் பரப்பும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. வைரஸ் இல்லாத அசுவினிக்கு முன்னால் நோய்ச் செடியும் நல்ல செடியும் வைத்தால் நோய்ச் செடிக்குப் போகிறது. வைரஸ் ஏறிய அசுவினி நல்ல செடிக்குப் போகிறது! ஏற்ற வேண்டியவன் ஏற்றும் இடத்துக்கும், இறக்க வேண்டியவன் இறக்கும் இடத்துக்கும். லாரி செட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

நோய்ச் செடியில் உட்கார்ந்து அலுத்துப்போய் மாறுகிறதோ என்று எனக்கும் தோன்றியது. அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. செடியே இல்லாமல், செயற்கை உணவில் வைரஸைக் கலந்து அசுவினிக்குக் கொடுத்தார்கள். அப்போதும் நல்ல செடிக்கே போனது. செடி அனுபவம் காரணமில்லை; உள்ளே போன வைரஸ்தான்.

இலைப்பேனிலும் உண்டு. தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ் உள்ளே பெருகிய ஆண் இலைப்பேன், நோயில்லாததைவிட மூன்று மடங்குவரை கூடுதலாகக் குத்துகிறது, அதுவும் செல்லைக் கொல்லாத மென்மையான குத்து. செத்த செல்லில் வைரஸ் வாழாது. உயிருள்ள செல் வேண்டும். 2011இல் வந்த ஆய்வு.

நவம்பர் 6

"எல்லா வைரஸும் பூச்சியை அடிமையாக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வியாபாரம்.

பூசணி வகையில் வெள்ளரித் தேமல் வைரஸ். இது அசுவினியின் வாய் ஊசியில் ஒட்டிக்கொண்டு போவது. சில நொடி ருசி பார்த்தாலே ஏறிவிடும். இதற்கு அசுவினி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் நஷ்டம், உடனே கிளம்ப வேண்டும். 2010இல் பார்த்தபோது நோய்ச் செடி வாசனையைத் தூக்கலாக விட்டு அசுவினியை இழுக்கிறது, சாறோ மட்டம். வாசலில் நெய் மணக்கிற அல்வாக் கடை மாதிரி. உள்ளே போய் ஒரு வாய் வைத்தால் காறல் நெய். அடுத்த கடைக்கு ஓடுகிறோம், கையில் பிசுக்கோடு.

மஞ்சள் குட்டை மாதிரி வைரஸுக்கு அசுவினி மணிக்கணக்காக உட்கார்ந்து குடித்தால்தான் ஏறும். அங்கே செடியே நன்றாகத்தான் பரிமாறுகிறது.

வெண்டைக்கும் வெள்ளை ஈக்கும் நடப்பது இந்த இரண்டாம் வகை. ஈ உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

நவம்பர் 19

வீட்டம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். இது எனக்கு உறக்கத்தைக் கெடுத்த விஷயம்.

2013இல் ஒரு குழு, மலேரியாக் கிருமியே இல்லாமல், சூட்டில் கொன்ற சாதாரணப் பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றிப் பார்த்தது. செத்த பாக்டீரியா, எதையும் ஓட்ட முடியாது. ஆனாலும் கொசு, மலேரியா பிடித்த கொசு மாதிரியே ரத்தம் தேடுவதில் பின்வாங்கியது. ஆக, முடிச்சுக் கட்டத்தில் "சரக்கு தயாராகவில்லை, ஆபத்து வேண்டாம்" என்று கிருமி கணக்குப் போடுகிறது என்று அக்டோபர் 13இல் நான் குஷியாக எழுதினேனே, அது கொசுவின் உடம்பு எந்தக் கிருமியோடும் போராடும்போது படுகிற பாடாகவும் இருக்கலாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வேண்டாம் என்று சுருண்டு படுக்கிறேன். அது டெங்குவின் தந்திரமா, என் உடம்பின் வேலையா?

தெள்ளும் அப்படித்தான். தொண்டை அடைத்தால் பசிக்கும், பசித்தால் கடிக்கும். அங்கே மூளையை யாரும் தொடவில்லை. கிருமிக்கு ஆதாயம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் பாகன் என்று சொல்ல அங்குசம் எங்கே?

அசுவினிக் கதையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். செயற்கை உணவுச் சோதனை கெட்டியானது. அங்கே உள்ளே போன வைரஸ் போக்கை மாற்றுகிறது. எப்படி மாற்றுகிறது என்பது வேறு.

நவம்பர் 20

தெள்ளைப் பற்றி ஒரு துண்டு. அந்த அடைப்பு சூட்டுக்கு ஆகாது. 28 டிகிரிக்கு மேல் போனால் நிலைப்பது குறைவு. இந்தியாவில் கோடை ஏறும்போது பிளேக் தணிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கொழும்பில் வேலை பார்த்த ஹர்ஸ்ட், நம் பக்கத்து எலிகளில் இருப்பது வேறு இனத் தெள்ளு, அது பிளேக்கைப் பரப்புவதில் சோப்ளாங்கி என்றார். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவிலே இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு மாரியம்மனை நான் பார்த்ததில்லை. வெயிலுக்காக ஒரு தடவையாவது சந்தோஷப்படலாம்.

டிசம்பர் 27

ஒரு மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. 17, 18 தேதி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வரப்பைத் தாண்டி வந்து, வெண்டை நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு மணல் மட்டும் கிடந்தது. மஞ்சள் செடி, பச்சைச் செடி என்ற பேதமில்லாமல் போய்விட்டது. வெள்ளை ஈ எங்கே போனதோ.

பெரியவர் மாடு இரண்டும் பிழைத்தன. அது போதும்.

2024 ஜனவரி 18

வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டுப் பாத்தியில் நாலு கத்தரி. அதில் ஒன்றுக்குச் சிற்றிலை நோய். இலையெல்லாம் சுண்டைக்காய் அளவு, கிளை கிளையாக அடர்ந்து, பூ வராமல் புதர் மாதிரி நிற்கிறது. தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா. வைரஸ் இல்லை, சுவரில்லாத ஒருவகைப் பாக்டீரியா.

இதன் உறவுக்காரக் கிருமி ஒன்று, பூவை இலையாக மாற்றிவிடுகிறது. எள்ளில் பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வருமே, அந்த மாதிரி. இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் ஆராய்ந்தவர்கள், கிருமி விடும் ஒரே ஒரு புரதம் இதைச் செய்கிறது, தத்துப்பூச்சியும் அந்தச் செடிக்கே கூடுதலாக வருகிறது என்று 2014இல் காட்டினார்கள். பூவை அழித்துப் பூச்சிக்குப் பந்தல் போடுகிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

இரண்டே வருஷத்தில் அதே ஆய்வகம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. பூ இலையாக மாறாவிட்டாலும் பூச்சி வருகிறது. பூச்சியை இழுப்பதும் பூவை மாற்றுவதும் ஒரே புரதத்தின் இரண்டு தனித்தனி வேலைகள். பந்தலுக்காக விருந்தாளி வரவில்லை. தன் கதையைத் தானே வெட்டிப் பார்க்கிற இவர்களைத்தான் நான் நம்புவேன்.

கத்தரிச் செடியைப் பிடுங்கினேன். காலை ஐந்தரைக்கு. சாக்கில் போட்டுக் கட்டி. பெரியவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

தம்பி எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் தேறிவிட்டார்கள். கொசு வந்த இடம் இப்போதுதான் அகப்பட்டதாம்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. மூன்று பேரும் பகலில் உட்காரும் அறையில், நாற்காலிக்கு ஆறடி தூரத்தில்.

படித்துவிட்டு எங்கள் வீட்டைச் சுற்றி வந்தேன். கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய ஆட்டுரல். குழியில் தண்ணீர், வெள்ளத்து மழையோ நேற்றுத் தெளித்ததோ. டார்ச் அடித்தால் கொசுப்புழு துள்ளுகிறது, பத்துப் பன்னிரண்டு.

டெங்கு வைரஸ் தாய்க் கொசுவிலிருந்து முட்டை வழியாகப் புழுவுக்குப் போவதுண்டு, குறைவாக. இந்தப் புழுக்களில் யாருக்காவது இருக்குமா, இருந்தால் வளர்ந்தபின் எப்படிக் கடிக்கும் என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு, "பிடிங்க அந்தப் பக்கம்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து உரலைக் கவிழ்த்தோம்.